கயிற்றுத் தலைவலி

எங்கள் வீட்டில் தலைவலி என்றால் அது அத்தையுடையதுதான். மற்றவர்களுக்கும் வந்திருக்கும். ஆனால் யாரும் அதைப் பெரிதாகச் சொல்லிக்கொள்ளவில்லை.

வட்டகொடைக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டத்துக்கு நான் கலியாணம் முடித்து வந்தது ஐம்பதுகளின் பிற்பகுதியில். அத்தை என் கணவரின் அம்மா. மாமா அதற்கு முன்பே காலமாகிவிட்டார். லயத்து வரிசை வீடுகளில் ஒரே காம்பிராவில், ஒரே அறையில், நாங்கள் மூன்று பேர். என் கணவருக்கு இலை அரைக்கிற தேயிலை ஸ்டோரில் வேலை. அத்தைக்கும் எனக்கும் மலையில் கொழுந்து எடுக்கிற வேலை. அத்தைக்கு அப்போது நாற்பத்தைந்து வயது இருக்கும். கொழுந்து எடுக்கிறதில் அவருக்கு ஈடாக, காலையில் பேர் கொடுக்க நாங்கள் கூடுகிற அந்தப் பிரட்டுக்களத்தில் ஆள் இல்லை என்று மற்றப் பெண்களே சொல்வார்கள். அத்தையும் அதை மறுக்க மாட்டார்.

நான் அதிகம் பேச மாட்டேன். இப்போதும் அப்படித்தான். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அங்கேயும் வாத்தியார் கேட்டால் பதில் தெரிந்தும் எழுந்து நிற்க மாட்டேன். நான் வந்த புதிதில் அத்தை பக்கத்துக் காம்பிராக்காரியிடம் என்னைப் பற்றிச் சொன்னது காதில் விழுந்தது.

"பொண்ணு நல்ல பொண்ணுதான். வாயை மட்டும் பொறந்த வீட்டுல மறந்து வச்சிட்டு வந்துருச்சு."

"விடு அக்கா, ஒனக்கு இருக்கற வாய் ரெண்டு பேருக்கும் போதும்" என்றாள் அவள்.

அத்தைக்குத் தலைவலி சாயங்காலத்தில் வரும். கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, இடுப்பில் கட்டின படங்குச் சாக்கை அவிழ்த்துப் போட்டு, தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் ஆரம்பித்துவிடும். முதலில் இடது புருவத்துக்கு மேலே. பிறகு பாதித் தலை. சில நாள் குமட்டி, குடித்த தேத்தண்ணியை வாந்தி எடுப்பார். எதனால் வருகிறது என்று யாரும் யோசிக்கவில்லை. யோசிக்கவே தேவை இல்லாத மாதிரி எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. கயிறு.

கொழுந்துக் கூடையை முதுகில் போட்டு அதன் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொள்வோம். கூடை நிறைய நிறையப் பாரம் முழுவதும் உச்சந்தலையில் இறங்கும். பல வருஷம் எடுத்த பெண்களுக்கு அந்த இடத்தில் முடி தேய்ந்து ஒரு வரப்பு விழுந்திருக்கும். அத்தைக்கும் இருந்தது. எண்ணெய் தேய்த்துவிடும்போது என் விரல் அதில் இறங்கும். கயிறு போட்டவளுக்குத் தலைவலி வராமல் யாருக்கு வரும் என்றுதான் லயத்தில் பேச்சு.

மருந்து என் வேலை ஆயிற்று. சுக்கைக் கல்லில் தண்ணீர் விட்டு இழைத்து, இரும்புக் கரண்டியில் அடுப்பில் காட்டிச் சூடாக்கி, நெற்றியிலும் பொட்டிலும் பத்துப் போட வேண்டும். பிறந்த வீட்டில் அம்மாவுக்கு இழைத்துக் கொடுத்துப் பழக்கம் இருந்தது. அத்தை பாயில் படுத்துக்கொள்வார். நான் தலைமாட்டில் உட்கார்ந்து போட்டுவிடுவேன். காயக் காயத் தோல் இழுக்கும்.

"எரியுதா அத்தை?"

"எரியட்டும். எரிஞ்சாத்தான் வேலை செய்யுது."

அவ்வளவுதான் நாங்கள் பேசுவது. பிறகு கண்ணை மூடித் தூங்கிவிடுவார். விடியும்போது வலி இருக்காது. பிரட்டுக்குப் போகும் முன் நெற்றியைத் தேய்த்துக் கழுவிவிடுவார். பத்தோடு போய் நின்றால் சுகமில்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அன்றைக்குப் பேர் இல்லை, சம்பளமும் இல்லை. அத்தைக்குப் பேர் விழாத நாள் என்பது சாப்பாடு இல்லாத நாளை விட மோசம்.

வாந்தி வருகிற நாட்களில் கொத்தமல்லியும் இஞ்சியும் அவித்துக் கொடுப்பேன். காற்றுத் தடுப்புக்கு மலை ஓரத்தில் நட்டிருந்த, நாங்கள் டர்பன்டைன் மரம் என்று சொல்லும் மரத்தின் இலையைக் கொதிக்க வைத்து, கம்பளியைப் போர்த்தி ஆவியில் வேது பிடிக்கச் சொல்வேன். எல்லாவற்றுக்கும் வலி கொஞ்சம் கேட்டது. ஆனால் அத்தை நம்பியது நொச்சியை.

எங்கள் தோட்டம் இருக்கிற குளிரில் நொச்சி வளராது. என் பிறந்த வீடு கினிகத்தேனைக்குக் கீழே. அங்கே வேலி ஓரமெல்லாம் நொச்சிதான். நான் ஒருமுறை குச்சி கொண்டுவந்து, சமைக்கிற குசினிக்குப் பின்னால் நட்டேன். துளிர் விட்டது. பனி விழுந்த காலையில் கறுத்துப்போனது. அதன் பிறகு அப்பா என்னைப் பார்க்க வரும்போதெல்லாம் அட்டன் வரை பஸ், அங்கிருந்து ரயில் என்று ஒரு சாக்கு நொச்சி இலையைச் சுமந்து வருவார். நிழலில் காயவைத்துத் துணியில் அடைத்துத் தலையணை தைத்தேன். அத்தை அதில் தலை வைத்த அன்று என்னைப் பார்த்துச் சிரித்தார். "ஒங்க அப்பன் குடுத்த சீதனத்துலயே இதுதான்டி உருப்படியானது."

வந்து ஒரு வருஷத்தில் அவர் என்னைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான் என்று நினைக்கிறேன். எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். இருந்ததா என்று ஞாபகம் இல்லை.

பிறகு அத்தைக்கு ஒரு யோசனை வந்தது. கயிற்றுக்கு அடியில் வைக்கிற மடித்த துணிக்குள் நொச்சி இலையை வைத்துத் தைக்கச் சொன்னார். வலி உண்டாகிற இடத்திலேயே மருந்தை வைத்துவிட்டால் வலி எப்படி வரும்? கேட்கச் சரியாகத்தான் இருந்தது. தைத்துக் கொடுத்தேன். மலையில் மற்றப் பெண்கள் மோந்து பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், இன்னொருத்தி கேட்டாள். அப்பா இரண்டு சாக்கு கொண்டுவர வேண்டியதாயிற்று. கொஞ்ச நாள் எங்கள் கூட்டம் முழுவதும் நொச்சி வாசனையோடு கொழுந்து எடுத்தோம்.

"என்னங்கடி இது, மலைக்கு வந்தமா, வைத்தியர் வீட்டுக்கு வந்தமா?" என்று கங்காணி கத்தினார்.

"ஒங்களுக்கும் ஒண்ணு தைக்கச் சொல்லவா கங்காணி? கத்திக் கத்தி ஒங்களுக்கும் மண்டை வலிக்குமே" என்றார் அத்தை.

மற்றவர்களுக்குக் கொஞ்சம் குறைந்தது என்றார்கள். அத்தைக்குக் குறையவில்லை. வாரத்துக்கு ஒருமுறை வந்தது ஒருநாள் விட்டு ஒருநாள் என்று ஆயிற்று. கயிற்றை உச்சியிலிருந்து முன்னால் நகர்த்திப் பார்த்தார். பின்னால் நகர்த்திப் பார்த்தார். கடைசியில் கங்காணியிடம் கேட்டு, கூடை இல்லாத வேலையாக, கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் கொழுந்து பொறுக்கிற வேலைக்குக் கொஞ்ச நாள் போனார். இலையைக் கொட்டி முத்தினதைப் பிரிக்கிற வேலை. கயிறு கிடையாது. ஆனால் சாயங்காலம் வலி வந்தது. முன்பை விடவும் அதிகமாக.

அன்றைக்கு நாங்கள் வேறு மாதிரி நினைத்திருக்கலாம். பக்கத்துக் காம்பிராக்காரி வந்து அத்தையின் தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "இத்தனை வருஷக் கயிறு அக்கா. வெளியே எடுத்தா போயிருமா? உள்ள எறங்கிருச்சு."

அத்தை தலையாட்டினார். நானும் அது சரி என்றுதான் நினைத்தேன். மறுநாள் அவர் கூடையை எடுத்துக்கொண்டு மலைக்கே வந்துவிட்டார். கயிறு போட்டாலும் போடாவிட்டாலும் வலிதான் என்றால் கெட்டிக்காரி என்ற பேரை ஏன் விட வேண்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். அப்படி வாய்விட்டுச் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் விளக்கைப் பற்றிச் சொன்னார். ஒரு சாயங்காலம் பத்துப் போட உட்கார்ந்தபோது சிம்னி விளக்கைப் பார்த்து, "விளக்கச் சுத்தி வட்டம் வட்டமா இருக்குடி. வானவில்லு மாதிரி" என்றார்.

என் கணவர் கதவைப் பார்த்தார். "பனி உள்ள வந்துருச்சும்மா. கதவ சாத்து புள்ள."

எங்கள் ஊரில் மேகம் வீட்டுக்குள் வரும். வந்தால் ஸ்டோர் விளக்குக்கும் ரயில் விளக்குக்கும் எங்கள் சிம்னிக்கும் வட்டம் உண்டு. என் கணவர் பிறந்ததிலிருந்து பார்க்கிற வட்டம். நான் எழுந்து போய்க் கதவைச் சாத்தினேன். அன்று பனி இருந்ததா, இல்லையா என்று நான் வெளியே பார்க்கவில்லை.

பிறகு நிரையில் குறை வந்தது. ஆளுக்கு ஒரு நிரை கொடுப்பார்கள். செடிகளுக்கு நடுவில் மேலே ஏறிக்கொண்டே இரண்டு பக்கமும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். அத்தையின் நிரையில் வலது பக்கம் சுத்தமாக இருக்கும். இடது பக்கம் கொழுந்து அப்படியே நிற்கும். கங்காணி அடியிலிருந்து பார்த்துவிட்டார்.

"என்ன ஆத்தா, எடது பக்கம் யாருக்கு விட்டுவச்சிட்டுப் போற? சம்மந்தி வீட்டுக்கா?"

"ஒம் பொண்டாட்டிக்குத்தான். சும்மாதானே இருக்கா, வந்து ஒடிக்கச் சொல்லு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. அவர் திரும்பி வந்து, விட்டதையெல்லாம் எடுத்தார். அன்று சாயங்காலம் இடது கையை நீட்டி, "இந்தக் கை சொன்ன பேச்சு கேக்க மாட்டேங்குது. மரத்துப் போச்சு போல. நொச்சி எண்ணெ காய்ச்சித் தேய்டி" என்றார். காய்ச்சித் தேய்த்தேன். கையில் ஒரு குறையும் இல்லை என்று எனக்குத் தெரியவில்லை. அவருக்கும் தெரியவில்லை. கொழுந்தெடுப்பவளுக்குக் கைதான் பார்க்கிறது. கண் எங்கேயோ இருக்கும். பக்கத்து நிரைக்காரியோடு பேசிக்கொண்டே, மழைக்குத் தலையைக் குனிந்துகொண்டே எடுப்போம். எடுக்காமல் விட்டால் அது கையின் தப்புத்தான்.

எண்ணெய் தேய்த்தும் சரியாகாததால், மறுவாரம் கங்காணியிடம் சொல்லி எனக்குத் தன் இடது பக்கத்து நிரையை வாங்கிக் கொடுத்தார். "நான் விட்டுட்டா நீ ஒடிச்சிப் போட்டுட்டு வா. யாருகிட்டயும் சொல்லாத." சொல்லாமல் இருப்பது எனக்குக் கஷ்டமான வேலை இல்லை. நான் என் நிரையையும் எடுத்து, எட்டி அவருடைய இடது பக்கத்தையும் எடுத்தேன். என் கூடையில் கூடுதலாக விழுந்ததை மடுவத்துக்குப் போகிற வழியில் அவர் கூடைக்கு மாற்றினேன். அவருக்குக் கெட்டிக்காரி என்ற பேர் அப்படியே இருந்தது. அந்த மழைக்காலம் முழுவதும் இப்படிப் போயிற்று.

தெரிய வந்தது ஒரு பத்தினால்தான்.

அன்று சுக்கு நீர்த்துப் போய்விட்டது. தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாக விட்டிருந்தேன். நெற்றியில் போட்டபோது வழிந்து அத்தையின் வலது கண்ணுக்குள் இறங்கிவிட்டது. "அய்யோ, எரியுதுடி" என்று வலது கண்ணை உள்ளங்கையால் அழுத்திப் பொத்திக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார். நான் தண்ணீர் எடுக்கக் குசினிக்கு ஓடினேன்.

"ஏண்டி வெளக்க அணைச்ச? தண்ணிய எங்கே பாத்து ஊத்துவ?"

விளக்கு அவருக்கு நேர் எதிரே எரிந்துகொண்டிருந்தது. என் கணவர் அதன் வெளிச்சத்தில் உட்கார்ந்து ரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"அம்மா, வெளக்கு எரியுது."

"எங்க எரியுது?"

என் கணவர் விளக்கைத் தூக்கிக்கொண்டு கிட்டே வந்தார். அத்தையின் இடது கண் திறந்தே இருந்தது. கொஞ்சம் சிவந்திருந்தது. அது விளக்கைப் பார்க்கவில்லை. நான் தண்ணீரோடு நின்றேன். பிறகு அத்தை பொத்தின கையை எடுத்து, எரிகிற வலது கண்ணைத் திறந்தார். விளக்கைப் பார்த்தார். மறுபடி பொத்தினார். எடுத்தார். இதையே சில தடவை செய்தார். பிறகு, "பத்தக் கழுவி விடுடி" என்றார். கழுவிவிட்டேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்துக்காரர் கண்டி ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். மூன்று பேரும் ரயிலில் போனோம். அத்தை ஜன்னல் ஓரம் உட்கார்ந்து வழி முழுவதும் மாறி மாறி ஒரு கண்ணைப் பொத்திப் பார்த்துக்கொண்டே வந்தார். எதிரே இருந்த சிங்களக் குழந்தை அதை விளையாட்டு என்று நினைத்துத் தானும் கண்ணைப் பொத்தியது. அத்தை அதற்காக இன்னும் இரண்டு தடவை பொத்திக் காட்டினார்.

கண் டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணை மூடச் சொல்லி இமைக்கு மேல் இரண்டு விரலால் மெல்ல அழுத்திப் பார்த்தார். தமிழ் தெரிந்த ஒரு ஆஸ்பத்திரி ஊழியர் பக்கத்தில் நின்று சொன்னார்.

"எடது கண்ணு கல்லு மாதிரி இருக்காம். உள்ள அழுத்தம் ஏறி ஏறி, பாக்கற நரம்பு செத்துப் போச்சாம். அது இனி வராதாம். தலைவலி அதனாலதானாம்."

"கயிறு?" என்றார் அத்தை.

"என்ன கயிறு?"

அத்தை தலையைக் குனிந்து உச்சியில் இருந்த வரப்பைக் காட்டினார். டாக்டர் எட்டிப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. ஊழியர் ஏதோ விளக்கினார். டாக்டர் இல்லை என்று தலையாட்டிவிட்டு வேறொன்று கேட்டார்.

"தூங்கி எழுந்தா வலி கொறையுமான்னு கேக்குறாரு."

"பத்துப் போட்டுத் தூங்கினா கொறையும்."

"தூக்கத்துலதான் கொறையுதாம். பத்துல இல்லையாம்."

அத்தை என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு அதைக் கேட்டு வருத்தமோ கோபமோ வரவில்லை. சுவரில் எழுத்துகள் எழுதின ஒரு அட்டை தொங்கியது. அதில் மேலே பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சின்ன எழுத்து. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் முக்கியமானதைச் சொன்னார்கள். வலது கண்ணும் அதே வழியில் போகத் தொடங்கியிருக்கிறது. ஒரு சின்ன ஆபரேஷன் செய்தால் அதைக் காப்பாற்றலாம். செய்யாவிட்டால் எப்போது என்று சொல்ல முடியாது, ஆனால் போய்விடும்.

அத்தை எழுந்துவிட்டார். "நல்லா இருக்கற கண்ணுல கத்தி வைக்கணுமாம். கெட்டதை விட்டுட்டு நல்லதை வெட்டுவாங்களாம். வாங்கடா போவோம்."

நாங்கள் வெளியே விறாந்தையில் இருந்த வாங்குப் பலகையில் உட்கார்ந்தோம். என் கணவர் சொல்லிப் பார்த்தார். "அம்மா, டாக்டரு சொல்றாருல்ல."

"டாக்டருக்கு என்ன? அவரு கண்ணா? இருக்கறதையும் புடுங்கிட்டா நீயா என்னைக் கையப் புடிச்சு மலைக்குக் கூட்டிப் போவ?"

"ஒண்ணும் ஆகாதும்மா."

"ஆகாதுன்னு எடது கண்ணு சொல்லிச்சா?"

என் கணவர் எழுந்து போய்த் தூணுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டார். மிஸ்ஸி என்று நாங்கள் சொல்லும் நர்ஸ் ஒருத்தி வந்து, சரியா இல்லையா என்று சிங்களத்தில் கேட்டாள். அத்தை இல்லை என்று கையாட்டினார். "எனக்குச் சுக்கும் நொச்சியும் போதும். வந்த வழியே போவோம். மருமக போட்டு விடுவா."

மிஸ்ஸி திரும்பிப் போகத் தொடங்கினாள். அவள் போய்விட்டால் அவ்வளவுதான். அடுத்த ரயிலில் நாங்கள் வட்டகொடையில் இறங்கியிருப்போம்.

"நான் போட மாட்டேன்" என்றேன்.

அத்தைக்கு நான் சொன்னது உடனே விளங்கவில்லை. "என்னது?"

"நீங்க வேணாம்னு வந்துட்டீங்கன்னா நான் இனிமே பத்துப் போட மாட்டேன் அத்தை. நொச்சியும் அப்பாவைக் கொண்டுவர வேணாம்னு சொல்லிருவேன். வலிச்சா வலிக்கட்டும்."

தைரியம் வந்தது என்று சொல்ல முடியாது. வாய் மட்டும் பேசிற்று. மிஸ்ஸி நின்றுவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் என்னமோ நடக்கிறது என்று தெரிந்திருக்கும்.

அத்தை என் முகத்தை ஒற்றைக் கண்ணால் வெகு நேரம் பார்த்தார். பிறகு தூணுக்குப் பக்கத்தில் நின்ற மகனைக் கூப்பிட்டார்.

"டேய், இங்க வாடா. இவ பேசுனதக் கேட்டியா? வலிச்சா வலிக்கட்டுமாம். இத்தனை வருஷமா இந்த வாய எங்கடா ஒளிச்சு வச்சிருந்தா?"

அவர் கிட்டே வந்து எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அத்தை மிஸ்ஸியிடம் கட்டை விரலை நீட்டிக் காட்டினார். சம்மதம் என்று கைநாட்டை எங்கே வைக்க வேண்டும் என்று கேட்கிற மாதிரி.

வலது கண் பிழைத்துக்கொண்டது. கட்டுப் பிரித்த அன்று டாக்டர் அதில் டார்ச் அடித்துப் பார்த்துத் தலையாட்டினார். தலைவலி அதன் பிறகு வரவில்லை. இடது கண்ணின் அழுத்தத்துக்கு ஒரு சொட்டு மருந்து கொடுத்தார்கள். அதை அத்தை தானே அண்ணாந்து பார்த்து விட்டுக்கொள்வார். யாரையும் விட வேண்டாம் என்பார். சாயங்காலத்தில் நாங்கள் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருப்போம். நான் அவர் நெற்றியைத் தொட வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. அவரும் கூப்பிடவில்லை.

மலைக்குத்தான் அனுப்பவில்லை. முதல் நாள் அவர் கூடையும் கயிறுமாகத்தான் பிரட்டுக்கு வந்தார். தோட்டத்துக் கணக்கப்பிள்ளை, ஒற்றைக் கண்ணோடு அத்தை சரிவில் ஏறி விழுந்தால் தான் பதில் சொல்ல வேண்டும் என்று தவறணைக்கு எழுதிவிட்டார். தேயிலை நாற்றுப் போடுகிற இடம். பையில் மண் நிரப்பிக் குச்சி ஊன்றி வரிசையாக அடுக்குகிற வேலை. வயதானவர்களுக்குக் கொடுப்பது. அத்தை சண்டை போடுவார் என்று நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றோம். அவர் கூடையைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

பகல் சாப்பாட்டுக்கு நான் மேல்மலையிலிருந்து இறங்கி அவருக்குத் தேத்தண்ணி கொண்டுபோவேன். எங்கள் பாதை தவறணைக்கு இடது பக்கமாக வரும். முதல் நாள் நான் அப்படியே போய்ப் பக்கத்தில் போத்தலை வைத்தேன். அவர் திடுக்கிட்டு, அடுக்கி வைத்த பைகளில் இரண்டைத் தட்டிவிட்டார். யார் வந்தது என்று தெரியாமல், தலையைத் திருப்புவதற்குள் கையால் காற்றில் துழாவினார். அதற்குப் பிறகு நான் வாய்க்காலைத் தாண்டி, சுற்றிக்கொண்டு, அவருக்கு வலது பக்கமாக வந்து நிற்பேன். அவர் நிமிர்ந்து பார்த்து, "வந்துட்டியா" என்பார். போத்தலை வாங்கிக்கொள்வார்.